எடைக்குப் போகும் உளி

‘பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்ற குரலைத் தெருவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வண்டிக்காரரின் தராசையும் நினைவிருக்கும். அதற்குத் தெரிந்தது எடை மட்டுமே. தாத்தா 40 வருடம் பிடித்துத் தேய்ந்த இழைப்புளியும் ஒடிந்து விழுந்த ஜன்னல் கம்பியும் அதற்கு ஒன்றுதான். பேரீச்சம்பழம் போய்க் காசு வந்துவிட்டது. தராசு மட்டும் மாறவில்லை.

அமெரிக்காவில் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். வேண்டாத சாமான்களை விடுமுறை நாளில் கார் ஷெட்டுக்கு வெளியே பரப்பிவைத்து அக்கம்பக்கத்தாருக்கு விற்கிறார்கள். மரவேலையும் மெக்கானிக் வேலையும் தெரிந்தவர்கள் விடிந்ததும் விடியாததுமாக அங்கே போய் நிற்கிறார்கள். ஒருவர் கைவிட்ட ஸ்பானர் இன்னொருவர் கைக்கு ஸ்பானராகவே போகிறது. நம் ஊரில் வீட்டுப் பரணுக்கும் உருக்காலைக்கும் நடுவே அப்படி ஒரு நிறுத்தம் இல்லை.

அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1900ல் சென்னையில் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், 1985ல் தீயில் அழியும்வரை பழைய பொருள்களின் தலைநகரமாக இருந்தது. பழைய வண்டிகளின் உதிரி பாகங்களுக்குப் புதுப்பேட்டை, பழைய இரும்புக்குக் கோவை உக்கடம், மும்பையில் சோர் பஜார், கொல்கத்தாவில் மல்லிக் பஜார் என்று ஊருக்கு ஊர் ஒரு தெரு உண்டு. குஜராத்தின் அலங் கடற்கரையில் 1983 முதல் கப்பல்களை உடைக்கிறார்கள். அவற்றிலிருந்து இறங்கும் கட்டில், சமையல் பாத்திரம் முதல் கருவிகள் வரை சாலையோரக் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் இவையெல்லாம் நகரத்துக்காரர்களுக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும்தான் வசதி.

வட்டவடைக்காரர் என்ன செய்வார்? மூணாறிலிருந்து சுமார் 45 கி.மீ. தொலைவில், தமிழக எல்லையை ஒட்டிய மலைக் கிராமம் அது. இடுக்கி மாவட்டத்தில் இருந்தாலும் பேச்சு தமிழ். பூர்வீகம் மதுரைச் சீமை என்று சொல்பவர்கள் அதிகம். படிப்படியாக வெட்டிய சரிவுகளில் முட்டைக்கோஸ், காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு விளைகின்றன. இங்கும் பக்கத்துக் காந்தளூரிலும் விளையும் பூண்டுக்கு 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது. டிராக்டர் ஏறித் திரும்ப இடமில்லாத படிக்கட்டு வயல்கள். அதனால் மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாள், முதுகில் மாட்டும் தெளிப்பான், கொஞ்சம் வசதி இருந்தால் சிறு டில்லர் ஆகியவைதான் இங்கே விவசாயத்தின் முதலீடு. விதை, உரம் வாங்க வேண்டிய சமயத்தில் தெளிப்பான் பழுதானால் புதிதுக்குப் பணம் புரட்டுவது கஷ்டம். பழையது தேடத்தான் தோன்றும்.

அங்கேதான் கணக்குப் போட வேண்டும். டாப் ஸ்டேஷனிலிருந்து பார்த்தால் கீழே தேனிப் பக்கத்துச் சமவெளி தெரியும். ஆனால் வண்டியில் போக மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு என்று சுற்றி இறங்க வேண்டும். மதுரைக்குப் போய் மலிவு விலையில் கருவி வாங்கி வந்தால், பஸ் கட்டணமும் இழந்த கூலியும் அதன் விலையில் சேர்ந்துவிடும். வாங்கிய விலை, ரிப்பேர் செலவு, போய்வந்த செலவு மூன்றையும் கூட்டிய பிறகும் புதிய விலையில் பாதியைத் தாண்டாவிட்டால்தான் அது லாபம். முக்கால் பங்குக்கு வந்துவிட்டால், உத்தரவாதச் சீட்டோடு புதிதையே வாங்கிவிடலாம்.

எதைப் பார்த்து வாங்குவது? பிடி ஒடிந்திருந்தால் கவலை வேண்டாம். மரப்பிடி மாற்றச் செலவு அதிகமில்லை. அதைக் காட்டி விலையையும் குறைக்கலாம். இரும்பில்தான் கண் இருக்க வேண்டும். மண்வெட்டித் தலையைத் தூக்கிப் பிடித்துத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல். காம்பு சேரும் இடத்தில் வெல்டிங் தழும்பு இருந்தால் அடுத்த பாறையில் அது பிரியலாம். உளியின் முனை நீலம் பாய்ந்திருந்தால் யாரோ கிரைண்டரில் காய்ச்சிக் கெடுத்திருக்கிறார்கள். அந்த நீலம் போகுமட்டும் தேய்த்த பிறகே கூர் நிற்கும். ஸ்பானர் வாங்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு புது நட் இருக்கட்டும். வாய் விரிந்த ஸ்பானர் அதில் மாட்டினால் ஆடும். மேலே படிந்த துரு பயமுறுத்த வேண்டியதில்லை, மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் போதும். குழி விழுந்த துரு வேறு. அது இரும்பைத் தின்றுவிட்ட துரு.

மோட்டார் என்றால் முதல் சோதனை மூக்குக்கு. கருகிய வாடை வந்தால் காயில் போயிருக்கிறது என்று அர்த்தம். தண்டைப் பிடித்து ஆட்டினால் பேரிங்கின் நிலை தெரியும். பத்து நிமிடமாவது ஓடவிட்டு, உடம்பில் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவருக்குக் கசியும் மோட்டார் எமன்.

வட்டவடை போன்ற காய்கறி ஊர்களுக்கு முக்கியமானது தெளிப்பான். அதில் முன்பு என்ன அடித்தார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். களைக்கொல்லி அடித்த டாங்கில் ஒட்டிய மிச்சம், அடுத்தவர் வயலில் முட்டைக்கோஸையும் பீன்ஸையும் கருக்கிவிடும். மேலுக்குக் கழுவினால் எல்லாக் களைக்கொல்லியும் போய்விடாது. தெளிவான பதில் வராத தெளிப்பானை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பழைய கிரைண்டர் கல், ஹெல்மெட், பாரம் தூக்கும் கயிறு, சங்கிலி இவற்றுக்கும் அதே விதிதான். உடைந்தால் உயிரோடு விளையாடும் பொருளில் மலிவு பார்க்கக் கூடாது.

எங்கிருந்து வந்தது என்று தெரியாத பொருள் என்ன செய்யும் என்பதற்கு டெல்லியின் மாயாபுரி சாட்சி. 2010ல் அங்குள்ள பழைய சாமான் சந்தையில் பிரித்த ஒரு கருவிக்குள் கோபால்ட்-60 இருந்தது. டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட ஆய்வுக்கூடச் சாதனம் அது. கதிர்வீச்சில் ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். கிராமத்தில் ஆபத்து இவ்வளவு பெரிதாக வராது. திருட்டு மோட்டார் வடிவில் வரலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்று வாங்கினால், 2024ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ம் பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. விற்பவர் பெயர், ஊர், தேதி எழுதி வாங்கிய ஒரு துண்டுச் சீட்டு பிற்பாடு கைகொடுக்கும்.

இனி விற்பவர் பக்கம். தச்சர் ஒருவர் கண்ணை மூடினால் அவர் பெட்டியிலிருந்த உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் பெரும்பாலும் கிலோ கணக்கில் போகின்றன. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். பொருளின் மதிப்பு தெரியாது. தொழில் தொடங்க நினைக்கும் ஓர் இளைஞன் அதே வாரம் புதுக் கருவிக்குக் கடன் தேடி அலைந்துகொண்டிருக்கலாம். இருவரும் சந்திக்க ஓர் இடம் இல்லை என்பதுதான் நஷ்டம்.

2014-15ல் மத்திய அரசு தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டம் புது இயந்திரம் வாங்க மானியம் தந்தது. வாடகை மையங்கள் அமைக்கவும் உதவியது. கைக்கருவிகளின் மறுபிறவி பற்றி யோசிக்க எந்தத் திட்டமும் வேண்டியதில்லை. ஊராட்சிக்கு ஒரு மைதானமும் கிருஷி பவனில் ஒரு அறிவிப்புப் பலகையும் இருந்தால் போதும். நடவுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் சும்மா கிடக்கும் கருவிகளைக் கொண்டுவந்து விற்கவோ மாற்றிக்கொள்ளவோ சொல்லலாம். சாணை பிடிப்பவரையும் கொல்லரையும் கூப்பிட்டு ஓரமாக உட்கார வைத்தால், வாங்கியவர் கூர் தீட்டிய கருவியோடு வீடு திரும்புவார்.

ஆயுத பூஜை அன்று கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். மறுவாரம் அதையே எடைக்குப் போடுகிறோம். கருவிக்குச் செய்யும் மரியாதை, அதைப் பிடிக்கத் தெரிந்த இன்னொரு கையில் கொடுப்பதுதான்.