விசா விலைப்பொருளானால் விற்கப்படுவது வாழ்க்கையே

வெளிநாட்டு வேலைக்கான விசாவைப் பெறுவது, இன்று வடக்கிலும் கிழக்கிலும் ஒரு குடும்பத்தின் முழு எதிர்காலத்தையும் பணயம் வைக்கின்ற காரியமாகிவிட்டது. காணி ஈடு வைக்கப்படுகின்றது. தாலிக்கொடி அடகுக்குப் போகின்றது. கரையோரக் கிராமங்களில் படகும் இயந்திரமும் வலையும்கூட விலை பேசப்படுகின்றன. இவ்வாறு திரட்டப்படும் பணம் எங்கே செல்கின்றது, அதற்குப் பதிலாகக் கிடைப்பது உண்மையில் என்ன என்ற வினாவை எழுப்ப வேண்டிய தருணம் இது என்றே நாம் கருதுகின்றோம்.

ஏனெனில், வேலை தரும் நாடுகள் தமது கதவுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒடுக்கி வருகின்றன. 2022 பெப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு வழி திறந்த பிரித்தானியா, 2024 மார்ச்சில் அவர்கள் குடும்பத்தினரை உடன் அழைத்து வருவதைத் தடுத்தது. 2025 ஜூலை 22 முதல் அப்பணிக்கு வெளிநாடுகளிலிருந்து புதிதாக ஆட்சேர்ப்பதையே நிறுத்திவிட்டது. வருகை விசாவில் வந்தவர்கள் நாட்டினுள் இருந்தவாறே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்ற தற்காலிகச் சலுகையைக் கனடா 2024 ஓகஸ்ட் 28இல் முடிவுக்குக் கொண்டுவந்தது. கதவுகள் ஒடுங்கினாலும் போகவேண்டும் என்ற தவிப்பு ஒடுங்கவில்லை. அந்தத் தவிப்பே போலி முகவர்களின் முதலீடாகும்.

இவ்விடயத்தில் யாழ்ப்பாணத்தின் குருநகர் நமக்கு ஒரு பாடத்தைச் சொல்கின்றது. நோர்வேக்குச் சென்ற முதல் தமிழர் எனக் கருதப்படும் அன்ரனி இராஜேந்திரம் இம்மண்ணைச் சேர்ந்தவர். 1956இல் அங்கு சென்ற அவர், மீன்பிடித்துறையில் அறிவும் அனுபவமும் பெற்று, 1967இல் நோர்வே மக்களின் உதவியுடன் யாழ்ப்பாணத்தில் சீநோர் நிறுவனத்தை உருவாக்கினார். காரைநகரின் படகுத்தளமும் குருநகரின் வலைத் தொழிற்சாலையும் அம்முயற்சியின் பயன்களாகும். அந்தத் தொடர்பினூடாகவே எழுபதுகளில் நம்மவர்கள் நோர்வேயின் வடகோடியிலுள்ள மீன் பதனிடும் ஆலைகளுக்கு வேலை தேடிச் சென்றார்கள். 1975இல் நோர்வே தொழிலாளர் குடிவரவை நிறுத்தியபோது, மக்கள் உயர்கல்லூரிகளில் மாணவராகச் சேர்வது அடுத்த வழியாயிற்று. 1983க்குப் பின்னர் புகலிடம் கோருவதே பலருக்கு எஞ்சிய வழியாயிற்று.

குருநகர் மக்கள் ஏன் புறப்பட்டார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. 1986 ஜூன் 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் முப்பதுக்கும் மேற்பட்ட மீனவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டதையும், 1993 நவம்பர் 13ஆம் திகதி புனித யாகப்பர் ஆலயத்தின் மீது விமானக் குண்டு வீழ்ந்ததையும் அந்த ஊர் மறக்கவில்லை. அன்று உயிரைக் காக்க ஓடினார்கள். இன்று வயிற்றைக் காக்கப் புறப்படுகின்றார்கள். இந்திய இழுவைப் படகுகளின் ஊடுருவலால் வலைகள் அறுகின்றன. 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் கடலடி இழுவை முறையைத் தடைசெய்தபோது, அது இந்தியப் படகுகளை மட்டுமன்றி, அத்தொழிலையே நம்பியிருந்த குருநகர்த் தொழிலாளரையும் பாதித்தது. கடல்வளத்தைக் காக்கும் அந்தச் சட்டம் நியாயமானதே. ஆனால், மாற்றுத் தொழில் என்ன என்பதற்கு உரிய பதில் கிடைக்கவில்லை. 2022 ஓகஸ்ட்டில் 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவானதும் இதனுடன் சேர்ந்துகொண்டது.

அந்த 2022ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர்கள் பதிவுசெய்து வேலைக்காக வெளிநாடு சென்றனர். 2024இல் வெளிநாட்டுத் தொழிலாளர் நாட்டுக்கு அனுப்பிய தொகை 650 கோடி அமெரிக்க டொலரைத் தாண்டியது. வங்குரோத்து நிலையிலிருந்து நாடு தலைதூக்க உதவிய பணம் இது. அப்பணத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்ற அரசு, அதனை உழைப்பவர்கள் புறப்படும்போது எவரிடம் ஏமாறுகின்றார்கள் என்பதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

முறையான வேலை விசா என்பது, முதலில் தொழில்தருநர் ஒருவரிடமிருந்தே தொடங்குகின்றது. பிரித்தானியாவாயின், உரிமம் பெற்ற நிறுவனம் அனுசரணைச் சான்றிதழ் வழங்கவேண்டும். கனடாவாயின், பெரும்பாலான வேலைகளுக்குத் தொழிற்சந்தைத் தாக்க மதிப்பீட்டைத் தொழில்தருநரே பெறவேண்டும். அதற்கான ஆயிரம் கனேடிய டொலர் கட்டணத்தைத் தொழிலாளியிடமிருந்து அறவிடுவது அந்நாட்டுச் சட்டத்துக்கு முரணானது. விண்ணப்பதாரி தனது விசாக் கட்டணத்தைச் செலுத்துவது வேறு. வேலைக்கே விலை கொடுப்பது வேறு. இந்த வேறுபாட்டை மறைப்பதே போலி முகவரின் முதல் வேலையாகும்.

விலைகொடுத்து வாங்கிய சான்றிதழ் விசாவாகவே மாறினாலும் ஆபத்து நீங்குவதில்லை. 2022 ஜூலைக்குப் பின்னர் பிரித்தானியாவில் 470க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் அனுசரணை உரிமம் பறிக்கப்பட்டது. உரிமம் போன நிறுவனத்தில் இருந்தவருக்கு, வேறொரு அனுசரணையாளரைத் தேடிக்கொள்ள வழமையாகக் கிடைப்பது 60 நாட்கள் மாத்திரமே. ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்க, அந்நிய நகரொன்றில் அந்த அறுபது நாட்களையும் எண்ணுகின்றவர் எந்தச் சுரண்டலுக்கும் தலையசைப்பார். கடன் அவரது வாயை அடைத்துவிடுகின்றது.

முஸ்லிம் சமூகம் இந்த வேதனையை நெடுங்காலமாக அறிந்திருக்கின்றது. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றபோது அவருக்கு வயது 17. கடவுச்சீட்டோ அவருக்கு 23 வயது என்றது. பராமரிப்பிலிருந்த சிசுவின் மரணத்துக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஒரு போலி ஆவணம், சிறுமி என்ற பாதுகாப்பை அவரிடமிருந்து பறித்தது. குடும்பத்தின் வறுமையைத் தீர்க்கச் சென்ற பிள்ளை உயிரோடு திரும்பவேயில்லை.

அதன் பின்னரும் படிப்பினைகள் குறைவில்லை. கனடா செல்வதாக நம்பிப் புறப்பட்ட, பெரும்பாலும் தமிழர்களான 300க்கும் மேற்பட்டோர், 2022 நவம்பரில் பழுதடைந்த கப்பலிலிருந்து மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டனர். கணினி வேலை என அழைக்கப்பட்ட இளைஞர்கள் மியன்மாரின் மியாவடி இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டனர். நல்ல சம்பளம் என்ற வாக்குறுதியில் ரஷ்யா சென்ற முன்னாள் படையினர் உக்ரேன் போர்முனைக்குத் தள்ளப்பட்ட செய்தி 2024இல் வெளியாயிற்று. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற பேதம் முகவருக்கு இல்லை. அவருக்கு வேண்டியது பணம் ஒன்றே.

இந்நிலையில் செய்யவேண்டியது என்ன? 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம், அனுமதிப்பத்திரம் இன்றி ஆட்சேர்ப்பதைக் குற்றமாக்கியுள்ளது. சட்டம் இருக்கின்றது, அது கரையோரத்து ஒழுங்கைகள் வரை வந்து சேர்வதில்லை. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலே கடவுச்சீட்டு அலுவலகம் திறக்கப்பட்டமை வரவேற்கத்தக்கது. ஆயினும், கடவுச்சீட்டு அருகில் வந்த அளவுக்கு நம்பகமான தகவல் அருகில் வரவில்லை. உரிமம் பெற்ற முகவர்களின் பெயர்களும், அங்கீகரிக்கப்பட்ட வேலைவாய்ப்பு விபரங்களும் பிரதேச செயலகங்கள் தோறும் தமிழில் காட்சிப்படுத்தப்பட வேண்டும்.

தென்கொரியாவுடனான ஏற்பாடு இன்னொரு வாய்ப்பாகும். 2004இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி, இரு அரசுகளுக்கிடையே நேரடியாக ஆட்சேர்ப்பு நடைபெறுகின்றது. தனியார் முகவருக்கு அங்கே இடமில்லை. கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அந்த வேலைவாய்ப்புகளில் மீன்பிடித்துறையும் அடங்கும். கடலைப் பிறவியிலிருந்தே அறிந்த குருநகர், பாசையூர் இளைஞர்களுக்குக் குறைவாக இருப்பது மொழிப்பயிற்சி மாத்திரமே. அதனை அரசும் கடற்றொழிலாளர் சங்கங்களும் இணைந்து வழங்குவது பெருஞ்செலவான காரியமல்ல.

சமூகத்துக்கும் பொறுப்பு உண்டு. கடற்றொழிலாளர் சங்கமும், பங்கு மன்றமும், பள்ளிவாசல் நிருவாக சபையும், பணம் கைமாறுவதற்கு முன்னர் முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தைப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரித்துப் பார்க்க மக்களுக்குத் துணைநிற்கலாம். புலம்பெயர்ந்த உறவுகள், தாம் அங்கே படும் பாட்டை மறைத்துப் புகைப்படங்களை மட்டும் அனுப்புவதைத் தவிர்க்கவேண்டும். பெற்றோர் மூன்று கேள்விகளையேனும் கேட்கவேண்டும்: வேலை தரும் நிறுவனம் எது? ஒப்பந்தம் எங்கே? கொடுக்கும் பணத்துக்குப் பற்றுச்சீட்டு உண்டா? இவற்றில் ஒன்றுக்கேனும் பதில் இல்லையெனில், அந்தப் பணத்தைக் கொடுக்கலாகாது.

வெளிநாடு செல்லாதீர்கள் என்று கூறும் தகுதி எவருக்கும் இல்லை. இங்கே வாழ வழிசெய்யாத ஆட்சியாளர்களுக்கு அறவே இல்லை. தொழில் கற்று, முறையாகச் சென்று, ஊருக்கும் பயன் தந்த ஒரு மரபு குருநகருக்கு உண்டு. அந்த மரபுக்கு இளைஞர்களை மீட்டுக் கொண்டுவருவதா, அல்லது ஈட்டுக் காணிகளின் பட்டியலை நீளவிடுவதா என்பதை அரசும் சமூகமும் காலந்தாழ்த்தாது தீர்மானித்தாக வேண்டும்.