பெரிய மீனுக்குத்தான் பரிசா?

தூண்டில் போட்டி என்றாலே எல்லா ஊரிலும் விதி ஒன்றுதான். யார் பெரிய மீன் பிடிக்கிறாரோ அவருக்குப் பரிசு. தராசில் தொங்கவிட்டு, போட்டோ எடுத்து, கைதட்டி... முடிந்தது போட்டி. இந்த விதி தப்பு என்பது என் கட்சி. அதுவும் நம்ம தென்மாவட்டக் கழிமுகங்களில் கொடுவாய்க்குத் தூண்டில் போடுகிறவர்களுக்கு ரொம்பவே தப்பு.

அச்சன்புதூர்க்காரனுக்குக் கடல் மீனைப் பற்றி என்னடா தெரியும் என்று சிரிக்காதீர்கள். மேக்கரை அடவிநயினார் அணையில் நிற்கிற தண்ணீர் அனுமன் நதியாக இறங்கி, சிற்றாற்றில் சேர்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, கடைசியில் புன்னக்காயலில்தான் கடலுக்குப் போகிறது. (பாதி வழியிலேயே நெல்லுக்கும் வாழைக்கும் போய்விடுகிறது என்பது வேறு கதை.) ஆக, அந்தக் கழிமுகத்தில் பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு!

போன வருஷம் நண்பர்கள் ஒன்பது பேர் அங்கே ஒரு சிநேகப் போட்டி வைத்தோம். நூறு கிலோமீட்டருக்கு மேல் போகணும், அதனால் ராத்திரி ரெண்டு மணிக்கே வண்டி எடுத்தாச்சு. ஆளுக்கு ஒரு தூண்டில், விடியலில் இருந்து மத்தியானம் வரை நேரம், தோற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து ஜெயித்தவனுக்கு பார்டர் பரோட்டா வாங்கித் தரணும். விதி அதே பழைய விதிதான், எடை.

காலை எட்டு மணி வரை கெளுத்தியும் கிழங்கானும்தான். கெளுத்தியைப் பிடித்தவனை எல்லாரும் கேலி பண்ணினார்கள், ஆனால் அதன் முள் குத்தினால் தெரியும் சங்கதி. அப்புறம்தான் ஒரு நண்பனுக்கு உயிர் மடவை இரையில் கொடுவா மாட்டியது. கால் மணி நேரம் இழுத்தான். "ஏலே நரம்ப தளத்தி விடுல, அறுத்துட்டுப் போயிரும்" என்று எட்டு பேரும் எட்டு விதமாகக் கத்தினோம். கரைக்கு வந்ததும் தராசு காட்டியது ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. போட்டி அங்கேயே முடிந்துவிட்டது. மத்தியானம் அறுத்தபோது வயிறு நிறைய சினை.

பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இந்த அளவில் வருவதெல்லாம் பொட்டைதான் தம்பி என்றார், சாதாரணமாக.

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. கொடுவா பிறக்கும்போது பெரும்பாலும் ஆண். சில வருஷம் ஆணாகவே இருந்து இனப்பெருக்கம் செய்துவிட்டு, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். ஒன்றரை, இரண்டு கிலோ மீன்களில் பெரும்பாலானவை ஆண், நாலு முதல் ஆறு கிலோ மீன்களில் பெரும்பாலானவை பெண் என்பது மீன்வளப் புத்தகங்களில் இருக்கும் கணக்கு. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997ல் இந்த மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்தது. அந்த வேலைக்குப் பெரிய தாய் மீன் எவ்வளவு அவசியம் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு பெரிய கொடுவா பல லட்சம் முட்டை இடும். நாம் என்ன செய்கிறோம்? கழிமுகத்தில் இருக்கிற தாய்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தால் பரோட்டா என்கிறோம்.

இதில் இன்னொரு வேடிக்கை, பாறை இடுக்கில் இருக்கும் கலவா இதற்கு நேர் எதிர். முதலில் பெண், பெரிதானால் ஆண். அங்கே பெரியதையே பிடித்தால் ஆண் இல்லாமல் போகும். எப்படிப் பார்த்தாலும் எடை விதி உதைக்கிறது.

ஆஸ்திரேலியாவில் இதே கொடுவாயை பாராமண்டி என்கிறார்கள். அங்கே குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்டிமீட்டருக்குக் கீழும் எடுக்கக்கூடாது, 120க்கு மேலும் எடுக்கக்கூடாது. மேல் வரம்பு எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். அவ்வளவு தூரம் எதற்கு, செங்கோட்டையைத் தாண்டினால் கேரளா. அங்கே 2017லேயே 58 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்துவிட்டார்கள். ஆனால் அது குஞ்சுகளைக் காப்பாற்றுகிற விதி. தாயைக் காப்பாற்றுகிற விதி வேறு.

சரி, எதிர்க்கட்சிக்கு வருவோம். கடற்கரையில் பிழைக்கிறவர் எடையைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும், பெரிய மீன்தான் அவருக்குக் காசு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடையில் விசைப்படகு கடலுக்குப் போகாது, கூலி கிடையாது, அந்தக் கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் போய் ஐந்து கிலோ கொடுவாயை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வராது, சொல்லவும் மாட்டேன். ஆனால் நாம் விளையாடப் போகிறோம். பிழைக்கப் போகிறவருக்கும் விளையாடப் போகிறவருக்கும் ஒரே விதி எப்படிச் சரியாகும்?

இன்னொரு கேள்வியும் வந்தது. பிடிப்பதே விடுவதற்கு என்றால் எதற்கு அந்த உயிரை வதைக்கணும்? நியாயமான கேள்வி. பிடித்ததை எல்லாம் விட்டுவிட்டு நல்லவன் மாதிரி போட்டோ போடுகிற பழக்கம் எனக்கும் பிடிக்காது. மீன் சாப்பிடத்தான். ஆனால் சட்டிக்கு ரெண்டு கிலோ மீன் போதும், ருசியும் அதில்தான்.

அடுத்த தடவைக்கு நான் எழுதி வைத்திருப்பது இதுதான். தராசு வேண்டாம், டேப் போதும். மூன்று கிலோ தேறும் என்று தோன்றுகிற எந்தக் கொடுவாயையும் தண்ணீரிலேயே வைத்து அளந்து, கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி விட்டுவிடணும். அப்படி விட்டவனுக்குத்தான் அதிகப் புள்ளி. எத்தனை வகை மீன் பிடித்தான் என்பதற்கும் புள்ளி உண்டு, கெளுத்தி உட்பட. வீட்டுக்கு ஆளுக்கு ரெண்டு மீன், அதற்கு மேல் கிடையாது. தூண்டில் முள்ளின் எதிர்முனையைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது சுலபம், விழுங்கியிருந்தால் நரம்பை வெட்டிவிடலாம், இழுக்கக்கூடாது.

ஒன்பது பேரில் ஐந்து பேர் சம்மதம் சொல்லிவிட்டார்கள். கொடுவா பிடித்து ஜெயித்தவன் மட்டும் இன்னும் பரோட்டாவைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.