மே மாதத்தைத் தாண்டிய தொட்டி

புனேயின் டிசம்பர் ஓர் ஏமாற்றுக்கார மாதம். ராத்திரி ஸ்வெட்டர் தேட வைக்கும் அந்தக் குளிரில், வரவேற்பறை மூலையில் வைத்த கண்ணாடித் தொட்டியின் தண்ணீர் யாருடைய உதவியும் இல்லாமல் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். அந்த நேரத்தில் ஒரு ஆக்ஸலாட்டில் வாங்கி விடுகிறவருக்கு, இதில் என்ன பெரிய கஷ்டம் என்றுதான் தோன்றும். பதில் ஏப்ரலில் வருகிறது. வெளியே வெயில் 40 டிகிரியைத் தொடும். மேல்மாடி ஃப்ளாட்டில் தொட்டித் தண்ணீர் 30-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். 16 முதல் 18 டிகிரியில் சுகமாக இருக்கும் பிராணி இது. 24-ஐத் தாண்டினாலே இரை எடுக்காது, செவுள்கள் சுருங்கும், பூஞ்சை பிடிக்கும். டிசம்பரில் வாங்கியவரின் வீட்டில் மே மாதம் காலித் தொட்டி இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த மோகத்தைக் கிளப்பியது உயிரியல் பாடம் அல்ல, வீடியோ கேம். 2021-ல் 'மைன்கிராஃப்ட்' விளையாட்டுக்குள் ஆக்ஸலாட்டில் நுழைந்தது. அதிலிருந்து இளஞ்சிவப்பு உடலும் தலையின் இரண்டு பக்கமும் இறகு போன்ற செவுள்களும் மாறாத புன்னகையுமாக அது குழந்தைகளின் நோட்டு அட்டை முதல் தலையணை உறை வரை வந்துவிட்டது. (அது புன்னகை அல்ல, வாயின் அமைப்பே அப்படி. செத்துக்கொண்டிருக்கும்போதும் அதே முகம்தான்.) பொம்மை போதாது, உயிரோடு வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடிப்பதும், அப்பாக்கள் மீன் கடைகளில் விசாரிப்பதும் அடுத்த கட்டம்.

பெயர்தான் புதிது, இனம் நமக்கு முற்றிலும் அன்னியம் அல்ல. தவளையின் உறவான சாலமாண்டர் வகை. இந்தியாவில் டார்ஜிலிங் பக்கத்து மலைகளில் ஒரு சாலமாண்டர் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒன்றுகூட இல்லை. ஆக்ஸலாட்டிலின் விசித்திரம், அது வளராமலே வயதுக்கு வருவது. தலைப்பிரட்டை செவுளை இழந்து தவளையாகிக் கரையேறும். ஆக்ஸலாட்டில் செவுளோடு தண்ணீருக்குள்ளேயே இருந்து குஞ்சு பொரித்து, அங்கேயே வாழ்ந்து முடிக்கும். 1864-ல் மெக்சிகோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஆக்ஸலாட்டில்களின் குஞ்சுகளில் சில திடீரென்று செவுளை உதிர்த்துக் கரையேறியபோதுதான், இத்தனை காலம் தாங்கள் பார்த்தது 'குழந்தை'யை என்று விஞ்ஞானிகளுக்கே உறைத்தது. வெட்டுப்பட்ட கால் மறுபடி முளைக்கும், வால் முளைக்கும், இதயத்திலும் மூளையிலும் சேதமான பகுதிகூடச் சரியாகும். காலையே முளைக்க வைக்கும் இந்தப் பிராணியால் தாங்க முடியாதது சூடு.

காரணம் அதன் சொந்த ஊர். மெக்சிகோ நகரின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ ஏரியும் கால்வாய்களும் ஏறக்குறைய நம் ஊட்டியின் உயரத்தில் இருக்கின்றன - கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். புனே சுமார் 560 மீட்டர். ஆக, புனேயில் ஆக்ஸலாட்டில் வளர்ப்பது என்றால் வீட்டுக்குள் ஒரு ஊட்டியைக் கட்டி, அதை 10, 15 வருஷம் - அதுதான் அதன் ஆயுள் - அணையாமல் ஓட்டுவது என்று அர்த்தம்.

எப்படிக் குளிர்விப்பது? கைவசம் இருக்கும் மலிவான வழி, பானைத் தண்ணீரின் தத்துவம். தண்ணீரின் மேல் ஒரு சின்ன ஃபேனைத் திருப்பி வைத்தால் ஆவியாகும் நீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். புனேயின் ஏப்ரல் வறண்ட ஏப்ரல் என்பதால் சென்னையைவிட இங்கே இது நன்றாகவே வேலை செய்யும். ஆனாலும் கிடைப்பது இரண்டு, மூன்று டிகிரி, மிஞ்சினால் நான்கு. 30-லிருந்து நான்கைக் கழித்தாலும் ஆக்ஸலாட்டிலுக்கு அது அடுப்புதான். ஐஸ் பாட்டிலை மிதக்க விடுவது அவசரத்துக்கு உதவும். ஆபீஸ் போகிற குடும்பத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பாட்டில் மாற்றுவது யார்? மேலும், ஏறி இறங்கும் வெப்பம் நிலையான வெப்பத்தைவிடக் கெடுதல். மிச்சமிருப்பது சில்லர் என்ற குளிர்விக்கும் இயந்திரம், அல்லது கோடை முழுக்க ஏசி ஓடும் அறை. சில்லரின் விலை தொட்டி, ஃபில்டர், பிராணி மூன்றின் விலையையும் சேர்த்துத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்பதையும் முன்பே யோசித்தாக வேண்டும். கடைக்காரர் கடைசியாகச் சொல்லும் இந்தச் செலவைத்தான் வாங்குபவர் முதலில் கணக்கிட வேண்டும்.

அடுத்தது தண்ணீர். கடக்வாஸ்லா அணையிலிருந்து வரும் மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை முறித்த பிறகே தொட்டியில் ஊற்றலாம். புறநகர்க் குடியிருப்புகளில் கோடையில் லாரித் தண்ணீர். இன்று வருவதும் நாளை வருவதும் ஒரே தண்ணீராக இருக்காது. ஆகவே மாற்றுவதற்கு ஒரு டிரம் தண்ணீர் எப்போதும் கையிருப்பில் வேண்டும்.

ஆனால் பலர் கோட்டை விடுவது இங்கே அல்ல, நுண்ணுயிர்களில். பிராணியின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அதற்கே விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தண்ணீர் குளிராக இருந்தால் இன்னும் மெதுவாக. அதுவரை தொட்டியில் பிராணி இருக்கக்கூடாது; சொட்டுச் சொட்டாக அம்மோனியாவை விட்டு, சோதனைத் திரவத்தால் அளந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும் வரை காத்திருக்க வேண்டும். தொட்டியும் பிராணியும் ஒரே நாளில் ஒரே ஆட்டோவில் வீட்டுக்கு வருவதுதான் பெரும் தவறு.

தொட்டி 80, 100 லிட்டருக்குக் குறையாமல், உயரத்தைவிட நீளம் அதிகமாக இருப்பது நல்லது. அடியில் சரளைக்கல் வேண்டாம். வாயைத் திறந்து இரையோடு எதையும் உறிஞ்சும் பிராணி இது. கல் குடலில் சிக்கினால் முடிந்தது கதை. வெறும் கண்ணாடி அல்லது நைசான மணல் போதும். ஒளிய ஒரு உடைந்த மண்சட்டி, வேகமில்லாத ஸ்பாஞ்ச் ஃபில்டர், பளீர் விளக்கு இல்லாத மூலை. கூட மீன் விடக்கூடாது. செவுளை மீன் கடிக்கும், மீனை இது விழுங்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் புனேவாசிக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். மண்புழுதான் முக்கிய ஆகாரம். மண்புழு உரக் குழி வைத்திருக்கும் குடியிருப்புகள் இங்கே பல. ஆனால் உரக்குழியில் நெளியும் சின்னச் சிவப்புப் புழு கசப்பான திரவத்தைச் சுரக்கும். ஆக்ஸலாட்டில் அதை வாயில் வாங்கித் துப்பிவிடுவதே அதிகம். அதே குழிகளில் வளர்க்கப்படும் பெரிய ஆப்பிரிக்கப் புழுவைத் துண்டாக்கிப் போட்டால் சாப்பிடும். பூச்சிமருந்து படாத புழு என்பது மட்டும் நிச்சயமாக வேண்டும்.

இனி காகிதம். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஆக்ஸலாட்டில் இருக்கிறது. 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமலான வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 2024-ல் வந்த பதிவு விதிகளும் இப்படிப்பட்ட பிராணி வைத்திருப்பவர் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. கைமாறினாலும் குட்டி போட்டாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும். கடைக்காரரின் வெறும் ரசீது போதாது; அவரிடம் அது எப்படி வந்தது என்ற ஆதாரம் தேவை. ஆண், பெண் என்று ஜோடியாக வாங்க நினைப்பவர் ஒன்றை ஞாபகத்தில் வைப்பது நல்லது: பெண் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். விண்ணப்பத்தில் அத்தனைக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

சட்டம் இவ்வளவு கண்டிப்பு காட்டக் காரணம் உண்டு. சோச்சிமில்கோ கணக்கெடுப்புகளில் 1998-ல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு சுமார் 6,000 ஆக்ஸலாட்டில்கள், 2014-ல் 36. நகரத்துக் கழிவுநீர் ஒரு காரணம். இன்னொன்று, வளர்ப்பு மீன்களாக ஏரியில் விடப்பட்ட கெண்டையும் திலாப்பியாவும் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தது. திலாப்பியா புனேக்காரருக்குத் தெரியாத மீன் அல்ல. நம் ஊரில் ஜிலேபிக் கெண்டை. உஜனி அணை மீனவருக்கு சிலாபி. முளா, முட்டா ஆறுகளிலும் அது நுழைந்து நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கிறது. 2021-ல் மெக்சிகோ தன் 50 பெசோ நோட்டில் ஆக்ஸலாட்டிலை அச்சடித்தது. நோட்டுகளில் உள்ளவை பெருகுகின்றன.

கடைகளில் கிடைப்பவை ஏரியில் பிடித்தவை அல்ல, தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் பிறந்தவை. அதனால் வாங்குபவர் ஏரியைக் காலி செய்யவும் இல்லை, நிரப்பவும் இல்லை. அலுத்துப்போய் அதை முட்டாவிலோ பாஷான் ஏரியிலோ விடுவதுதான் குற்றம். கோடையில் அது செத்துவிடும். அதன் உடம்பிலுள்ள நோய் சாகாது. தவளைகளைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையின் ஆசிய வகை வடக்கு மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளில் இருப்பதாகப் புனேயைச் சேர்ந்த நீலேஷ் தஹாணூகரும் சக ஆய்வாளர்களும் 2013-ல் வெளியிட்டார்கள். இதற்கு மேல் வெளிநாட்டு வகைகளையும் அந்தத் தவளைகளின் தலையில் கட்ட வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஆசை விடவில்லை என்றால், பிப்ரவரியில் தொட்டியை வைக்கலாம். ஃபில்டர் ஓடட்டும், சில்லர் ஓடட்டும், உள்ளே எதுவும் வேண்டாம். ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, பகல் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் வெப்பத்தைக் குறித்து வைக்கும் பொறுப்பை, அடம் பிடிக்கும் பிள்ளையிடமே கொடுத்துவிடலாம். மார்ச், ஏப்ரல், மே முழுக்க அந்த நோட்டில் ஒரு நாள்கூட 20-ஐத் தாண்டாமல், மின்கட்டணத்தைப் பார்த்து அப்பாவும் முகம் சுளிக்காமல் இருந்தால், முதல் மழைக்குப் பிறகு கடைக்குப் போகலாம்.