ஊருக்குச் சொல்வதை மகளுக்குச் சொல்லக் கூடாதா?

‘பருவ மாற்றங்களைப் பள்ளியில் பேசினால் பிஞ்சு மனம் கெட்டுவிடும், வயது வந்தால் தானாகத் தெரியும்’ என்கிறார்கள். ஆனால், பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பொதுவாக மாற்றம் தொடங்கிவிடுகிறது. தமிழக எட்டாம் வகுப்பு அறிவியல் நூலில் வளரிளம் பருவப் பாடம் வரும்போது பல மாணவிகளுக்கு மாதவிடாயே வந்திருக்கும். ஆக, பாடம் முந்தவில்லை, பிந்துகிறது. பேசினால் ஆர்வம் தூண்டப்படும் என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டி, பாலியல் கல்வி பாலுறவு நடவடிக்கையை அதிகரிப்பதில்லை என்றே சொல்கிறது.

‘இது வீட்டார் பொறுப்பு’ என்பது அடுத்த வாதம். பொறுப்புதான், நிறைவேறுகிறதா? மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை அடித்து, பிளெக்ஸ் வைத்து ஊரையே அழைக்கும் வீடுகளில்கூட, ரத்தம் ஏன் வருகிறது என்று அந்தப் பெண்ணுக்கு விளக்க ஆளிருப்பதில்லை. குரல் உடைந்து, தூக்கத்தில் விந்து வெளியேறிக் கலங்கும் பையனுக்கோ சடங்குமில்லை, சொல்லுமில்லை. அந்த வெற்றிடத்தைக் கைப்பேசியின் ஆபாசப் படமும், ஆண்மை பறிபோகுமென மிரட்டும் லாட்ஜ் வைத்தியரும் நிரப்புகிறார்கள். பிள்ளைகள் எப்படியும் கற்கத்தான் போகிறார்கள். ஆசிரியரை வாயடைக்கச் சொல்பவர்கள், அந்த வைத்தியரையே ஆசிரியராக்குகிறார்கள்.