கேட்டுவிட்டுக் கவலைப்படுவோமே!



காலையில் பள்ளி வாசலில் உங்கள் தோழி, உங்களைப் பார்த்தும் பார்க்காதது போல் போய்விட்டாள். உடனே மனம் என்ன சொல்கிறது? 'அவளுக்கு என் மேல் கோபம்!' மதியத்துக்குள், 'இனி என்னோடு பேசவே மாட்டாள்!' மாலைக்குள், 'என்னை யாருக்குமே பிடிக்கவில்லை!'

நடந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் பேசாமல் போனாள். மற்றதெல்லாம் நாமாகச் சேர்த்துக் கொண்டது. பாவம், அவளுக்கு அன்று பல்வலியாகக் கூட இருந்திருக்கலாம்!

இப்படி அவசரப்பட்டு முடிவு கட்டும் பழக்கம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஆசிரியர்களுக்கும் உண்டு. என் கதையையே சொல்கிறேன், கேளுங்கள்.

1994ஆம் ஆண்டு, ஜனவரி மாதம். ஆறாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வின் கணக்கு விடைத்தாள்களைக் கொடுத்தேன். ஒரு மாணவிக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவளுடைய தாளில் ஒரு பக்கத்து மதிப்பெண்ணைக் கூட்டாமல் விட்டிருந்தேன். சரிபார்த்து மறுநாள் கொடுக்கலாம் என்று மேசைக்குள் வைத்துவிட்டேன். அதை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவள் என்ன நினைத்தாள் தெரியுமா? 'நான் ஃபெயில். அதனால்தான் டீச்சர் என் பேப்பரைத் தரவில்லை.' அன்று இரவு சாப்பிடவில்லை. வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துவிட்டாள். 'இனி பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேன்' என்று அம்மாவிடம் ஒரே அழுகை. இரண்டு நாள் வரவில்லை.

நான் என்ன நினைத்தேன்? 'விடுமுறையில் கொடுத்த வீட்டுப்பாடத்தை முடிக்கவில்லை. அதற்குப் பயந்து மட்டம் போடுகிறாள்!' மூன்றாம் நாள் வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, எல்லார் முன்னாலும் திட்டித் தீர்த்தேன். அவள் பதிலே பேசவில்லை. தேம்பித் தேம்பி அழுதாள். அவளுடைய பக்கத்து வீட்டுப் பெண் எழுந்து விஷயத்தைச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். வீட்டுப்பாடம் முழுவதும் முடித்திருந்தாள். விடைத்தாளை எடுத்துக் கொடுத்தேன். 61 என்பதை அடித்துவிட்டு 71 என்று எழுதியிருந்தேன்!

'என் பேப்பர் எங்கே டீச்சர்?' என்று அவள் கேட்கவில்லை. 'ஏம்மா இரண்டு நாளாக வரவில்லை?' என்று நானும் கேட்கவில்லை. அந்த வகுப்பின் முன்னாலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும், அவள் பழையபடி என் மேசை அருகே வந்து சிரித்துப் பேச பல நாள் ஆயிற்று.

அவளுக்கு வந்த வயிற்றுவலி பொய்யல்ல குழந்தைகளே. நாம் பயப்படும்போது, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், அட்ரினலின் என்ற பொருளைச் சுரக்கின்றன. இதயம் படபடக்கும், உடம்பு இறுகும், செரிமானம் மந்தமாகும். இருட்டில் கிடக்கும் கயிற்றைப் பாம்பு என்று நினைத்தாலும், உண்மைப் பாம்பைப் பார்த்தது போலவே உடம்பு பதறும். விளக்கை ஏற்றிப் பார்த்தால்தான் பயம் போகும். அந்த விளக்குதான் கேள்வி.

சிலப்பதிகாரத்தில் பாண்டிய மன்னன் ஏற்றத் தவறியதும் அந்த விளக்கைத்தான். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு, விசாரிக்காமல் கோவலனைக் கொல்ல ஆணையிட்டான். பிறகு கண்ணகி வந்து சிலம்பை உடைத்தாள். உள்ளே இருந்தது மாணிக்கம். அரசியின் சிலம்பிலோ முத்து. 'இந்தச் சிலம்பின் உள்ளே என்ன இருக்கிறது?' என்று முன்பே ஒரு கேள்வி கேட்டிருந்தால், கோவலனும் பிழைத்திருப்பான், மன்னனும் பிழைத்திருப்பான். 'கண்ணால் காண்பதும் பொய். காதால் கேட்பதும் பொய். தீர விசாரிப்பதே மெய்' என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இனி மனம் படபடக்கும் போதெல்லாம், உங்களையே மூன்று கேள்வி கேட்டுக் கொள்ளுங்கள்.

1. நான் பார்த்தது என்ன?
2. நானாக நினைத்துக் கொண்டது என்ன?
3. யாரிடம் கேட்டால் உண்மை தெரியும்?

செல்போனில் அனுப்பிய செய்திக்கு நண்பன் பதில் தரவில்லையா? பதில் வரவில்லை என்பது மட்டுமே நீங்கள் பார்த்தது. 'என்னை ஒதுக்குகிறான்' என்பது நீங்கள் நினைத்தது. நாளை நேரில் கேளுங்கள். உங்கள் பென்சில் பாக்ஸைக் காணோமா? பக்கத்தில் இருப்பவன் மேல் பழி போடும் முன், பையைக் கவிழ்த்துத் தேடிப் பாருங்கள்.

சில சமயம் நாம் பயந்தது உண்மையாகவே இருக்கும். தோழிக்கு நிஜமாகவே கோபம் இருக்கலாம். மதிப்பெண் குறைந்தும் இருக்கலாம். பரவாயில்லை. காரணம் தெரிந்தால் சமாதானம் செய்யலாம்; கூடுதலாகப் படிக்கலாம். கேட்கப் பயமாக இருந்தால், அம்மா, அப்பா, ஆசிரியர் என்று யாரையாவது துணைக்குச் சேர்த்துக் கொள்ளுங்கள். ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு முறை முயன்று பாருங்கள். இரவெல்லாம் புரண்டு புரண்டு கவலைப்படுவதை விட, காலையில் ஒரு கேள்வி கேட்பது சுலபம். என்ன, கேட்பீர்கள்தானே?