இணையவழி உளவியல் பட்டம்: கட்டணம் எவ்வளவு, கணக்கு எவ்வளவு?



அண்மையில் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்தபின், ஒரு தாய் கையில் வண்ணத் துண்டறிக்கையோடு ஆலய வாசலில் காத்திருந்தார். கணவர் தறி நெய்பவர். நம் சென்னிமலைப் போர்வையை ஊரெல்லாம் அறியும். நெய்பவரின் வருமானத்தை நாம்தான் அறிவோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, பெருந்துறைப் பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலைக்குப் போகிறாள்.

"சாமி, பாப்பா வேலைக்குப் போயிட்டே செல்போன்லயே படிச்சுக்கலாமாமுங்க. மனசைப் பத்தின படிப்பாமுங்க. மூணு வருசத்துல கவுன்சிலர் ஆயிரலாம்னு சொல்றாங்க. பணம் கட்டலாமுங்களா?"

ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். விசாரித்துப் பார்த்ததில், அவரது கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது என்பது புரிந்தது. அதே துண்டறிக்கை வேறு வீடுகளுக்கும் வந்திருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, அந்தப் படிப்பில் இப்போது புதிதாகச் சேரவே முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜூலை 23 அன்று கூடிய தனது 592வது கூட்டத்தில் ஒரு முடிவெடுத்தது. உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், உயிரித் தொழில்நுட்பம் போன்ற பாடங்களை இனித் தொலைதூரக் கல்வியாகவோ இணையவழியாகவோ நடத்தக் கூடாது; 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்தே புதிய சேர்க்கை இல்லை. பல பாடங்களைக் கொண்ட பி.ஏ. பட்டமானால், அதில் உளவியல் பிரிவை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றை நடத்தலாம். அதுவரை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் போன்றவை இப்படிப்பை நடத்தி வந்தன. துண்டறிக்கையை அச்சடித்த முகவருக்கு இது தெரியவில்லையா, தெரிந்தும் சொல்லவில்லையா என்பதை நான் ஆராயவில்லை. கேட்டபோது, "பொது பி.ஏ.வில் சேர்ந்துவிட்டால் உளவியலும் பாடமாக வந்துவிடும்" என்று பேச்சை மாற்றினாராம்.

இந்தத் தடைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவ மற்றும் உடல்நலப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், உளவியலாளரை உடல்நலப் பணியாளர் வரிசையில் சேர்த்தது. அச்சட்டப்படி உடல்நலப் பணியாளர் எனப்படுபவர் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரம் பயின்ற பட்டம் பெற்றிருக்க வேண்டும். செல்போன் திரையில் இந்த மணிக்கணக்கை எப்படி நிரப்புவது என்பதுதான் அரசின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

ஆனால் தடைக்கு முன்னால் சேர்ந்து படிப்பவர்களும் முடித்தவர்களும் நம் பகுதியில் இருக்கிறார்கள். அவர்கள் கையிலுள்ள பட்டம் பணமாகப் பார்த்தால் எவ்வளவு பெறும்? கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்காக மூன்றாண்டுக் கட்டணம் 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மகள் மாதம் 10,000 ரூபாய் சம்பாதிக்கிறாள் என்றும் வைத்துக்கொள்வோம். வேலையை விட்டுவிட்டுக் கோவையில் ஒரு கல்லூரியில் நேரில் சேர்ந்தால், மூன்றாண்டில் அந்த வீடு இழக்கும் கூலி மட்டும் 3,60,000 ரூபாய். விடுதியும் பேருந்தும் அதற்குமேல். இணையவழிப் படிப்பில் இந்த இழப்பு இல்லை. அதன் உண்மையான இலாபம் இதுதான். கட்டணம் குறைவு என்பதை விட, கூலி நிற்கவில்லை என்பதே நெசவாளர் வீட்டுக்குப் பெரிது. இந்தக் கணக்கைப் பார்க்காமல் "தபாலில் படித்த படிப்பு" என்று ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சட்டப்படியும் அதை ஏளனம் செய்ய முடியாது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் தொலைதூர, இணையவழிப் பட்டங்கள் நேர்முகப் பட்டங்களுக்குச் சமம் என்று மானியக் குழுவின் 2020 ஒழுங்குமுறை சொல்கிறது. ஆகவே "ஏதேனும் ஒரு பட்டம்" கேட்கும் இடங்களில் இது செல்லும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 2 தேர்வு, வங்கித் தேர்வு, அலுவலகப் பதவி உயர்வு ஆகியவற்றுக்கு அது உதவும். 45,000 ரூபாய்க்கு அது மோசமான பேரம் அல்ல.

சிக்கல், "மூன்று ஆண்டில் கவுன்சிலர்" என்ற அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. இளங்கலை உளவியல், அது நேரில் படித்ததாயினும் இணையத்தில் படித்ததாயினும், முதல் படி மட்டுமே. மருத்துவ உளவியலாளராக இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு செய்ய, நெடுங்காலமாக முதுகலைக்குப் பிறகு இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சி தேவைப்பட்டது. அந்த எம்.ஃபில். படிப்பையே 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கைவிட்டது. மருத்துவ உளவியலுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு விலக்குத் தரப்பட்டது. பள்ளிகளில் ஆற்றுப்படுத்துநராகச் சேரவும் பெரும்பாலும் முதுகலையே கேட்கிறார்கள். அமெரிக்காவில் இன்னும் கடினம். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் உளவியலாளர் உரிமத்துக்கு முனைவர் பட்டம் வேண்டும்.

ஆக, பாப்பாவின் கனவுக்கு விலை 45,000 அல்ல. அதன்பின் இரண்டாண்டு முதுகலை. மானியக் குழுவின் தடை முதுகலைக்கும் பொருந்துவதால் அதை நேரில்தான் படிக்க வேண்டும். அந்த இரண்டாண்டுக் கூலி மட்டும் 2,40,000 ரூபாய். அதற்குப் பிறகு பயிற்சிக் காலம். இத்தனையும் முடிக்க முடியாமல் நடுவில் நிற்பவருக்கு, முதலில் கட்டிய பணம் ஒரு பொதுப் பட்டத்தின் விலையாக மட்டுமே மிஞ்சும். மாதத் தவணைக் கடனில் கட்டியிருந்தால் வட்டியும் சேரும். கடன் வாங்கித் தறி போட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். குருமடத்தில் இறையியலோடு உளவியலும் ஆற்றுப்படுத்துதலும் சிறிது படித்தோம். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வருகிறவர்களில் சிலருக்கு என்னால் ஆறுதல் சொல்ல முடியும். ஆனால் இரவெல்லாம் தூங்காமல், சாவைப் பற்றியே பேசும் ஓர் இளைஞன் வந்தால், என் படிப்பின் எல்லை எனக்குத் தெரியும். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லி, 14416 என்ற டெலிமானஸ் எண்ணையும் கொடுப்பேன். எல்லை தெரியாதவர் அந்த நாற்காலியில் உட்கார்வது ஆபத்து. அதனால் தடையின் நோக்கத்தை நான் குறை கூறவில்லை.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அந்த முடிவு எடுக்கப்பட்ட இரண்டே நாளில், 2025 ஜூலை 25 அன்று, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவி இறந்த வழக்கு அது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆற்றுப்படுத்துநர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. நம் ஈரோடு மாவட்டத்தில் மட்டும் அப்படிப்பட்ட பள்ளிகளும் கல்லூரிகளும் எத்தனை! ஒரே வாரத்தில் ஒரு கை ஆள் கேட்கிறது. மறு கை வாசலை அடைக்கிறது. அடைக்கப்பட்ட வாசல், வசதியுள்ளவர்கள் பயன்படுத்திய வாசலும் அல்ல. அவர்கள் பிள்ளைகளைக் கோவையிலோ பெங்களூரிலோ தனியார் கல்லூரியில் சேர்த்துவிடுவார்கள். பாடத்தை இணையத்தில் நடத்திவிட்டு, செய்முறைப் பயிற்சியை மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வார இறுதிகளில் வைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. தடை வந்தது, மாற்று வழி வரவில்லை.

அங்கீகார விஷயத்தில் தமிழ்நாட்டு மக்கள் ஏற்கெனவே சூடு பட்டவர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அனுமதி இருந்தது என்று மானியக் குழு 2022 மார்ச்சில் பொது அறிவிப்பு வெளியிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பணம் கட்டிப் படித்து முடித்தவர்கள் என்ன செய்வார்கள்? அவ்வளவு பழமையான பல்கலைக்கழகத்துக்கே அந்த நிலை என்றால், துண்டறிக்கையில் அச்சிட்ட பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டுவது எப்படி? மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு, எந்த நிறுவனம் எந்தப் படிப்பை எந்தப் பருவத்தில் நடத்தலாம் என்ற பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. நிறுவனத்தின் பெயர் இருந்தால் போதாது, படிப்பின் பெயரும் இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு தாயும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். மேலே எழுதிய கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். மகள் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சமூகப் பணின்னு ஒரு படிப்பு இருக்குதுங்களே சாமி, அதுக்கு முதல்ல எந்த டிகிரி வேணாலும் போதுமுங்களா?" என்று கேட்டாள். முதுகலைச் சமூகப் பணிக்குப் பல கல்லூரிகளில் அப்படித்தான் என்றேன். உச்ச நீதிமன்றம் சொன்ன மூவரில் சமூகப் பணியாளரும் ஒருவர் என்பதையும் சொன்னேன். முகவரிடம் முன்பணமாகக் கொடுத்திருந்த 2,000 ரூபாயைத் திருப்பிக் கேட்கப் போவதாகத் தாய் சொன்னார். அது இன்னும் வரவில்லை.