அடிமையாக்குவது எந்த மாத்திரை?

"மனசு சரியில்லைன்னு மாத்திரை போட ஆரம்பிச்சா அப்புறம் விடவே முடியாது, அடிமையாயிடுவே." மனச்சோர்வுக்கு மருத்துவரைப் பார்த்துவிட்டு வருபவர்களில் இதைக் கேட்காதவர் குறைவு. சொல்பவர் பெரும்பாலும் அம்மா, மாமியார், நெருங்கிய நண்பர் என்று நம் நன்மையை நினைப்பவர்தான். அதனாலேயே பேச்சு எடுபட்டுவிடுகிறது. ஆனால் அது பொய். ஆளையே பறித்துக்கொள்ளக்கூடிய பொய்.

மனச்சோர்வுக்கு இங்கே அதிகம் எழுதிக் கொடுக்கப்படும் மருந்துகளில் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், ஃபுளூவாக்ஸட்டின் மூன்றும் அடங்கும். இவற்றைச் சாப்பிட்டவுடன் எந்தச் சுகமும் கிடைக்காது. முதல் வாரத்தில் குமட்டும், தலை வலிக்கும், வயிறு கலங்கும். சிலருக்குப் படபடப்பு கூடும். மனம் லேசாகத் தொடங்க இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும். முழுப் பலன் தெரிய ஆறு வாரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். தொந்தரவு முதலில் வந்துவிடுகிறது, பலன் பின்னால்தான் வருகிறது. அடிமையாகிவிடுவோம் என்ற பயம் சரியாக இந்த இடைவெளியில் புகுந்து வேலை செய்கிறது. பத்தாம் நாள், பாதி மாத்திரை மிச்சமிருக்கும் அட்டை அரிசி டப்பாவுக்குப் பின்னால் போய்விடும். "போட்டுப் பார்த்தாச்சு, கேக்கல" என்று குடும்பமே தீர்ப்பு எழுதிவிடும். கேட்பதற்கு அந்த மருந்துக்கு அவகாசமே கொடுக்கவில்லை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

போதை தரும் பொருள் ஆளை ஏங்க வைக்கும். நேற்று போதுமாயிருந்த அளவு இன்று போதாது. மேலே சொன்ன மருந்துகளுக்கு யாரும் ஏங்குவதில்லை. சாப்பிட மறந்துபோவதுதான் வாடிக்கை. ஆனால் பல மாதம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் வெட்டுவது போன்ற உணர்வு எல்லாம் வரும். நீண்ட காலம் சாப்பிட்டவர்களில் சிலருக்கு இது கடுமையாகவும் பல வாரங்களுக்கும் இருக்கும். மருத்துவ உலகம் இதை வெகுகாலம் குறைத்தே பேசியது, அது தவறு. அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதற்குக் காரணம் இதுதான். உடம்பு ஒரு மருந்துக்குப் பழகுவதும் மனிதன் அதற்கு அடிமையாவதும் ஒன்றல்ல.

உண்மையிலேயே அடிமையாக்கும் மாத்திரை வேறு. அது பல வீடுகளில் பயமில்லாமல் புழங்குகிறது. அல்பிரசோலம் அதற்கு நல்ல உதாரணம். எச்1 அட்டவணையில் உள்ள மருந்து அது. மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்பதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். சட்டம் அப்படி இருக்க, "தூக்கமே வரல" என்றதும் பக்கத்து வீட்டிலிருந்து பாதி மாத்திரை வந்துவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்சுப் படபடப்பு அடங்கும், கண் சொக்கும். அதனால் அது 'நல்ல மாத்திரை' ஆகிறது. சில வாரங்களில் பாதி ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். நாள்பட்டுச் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். சிகிச்சையின் முதல் வாரங்களில் மருத்துவர்கள் சிலருக்கு இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள். எது எதற்கு என்று விளக்காவிட்டால், நோயைக் குணமாக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு, சொக்க வைக்கும் மாத்திரையை நோயாளி தொடர்வார். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் கிடைக்கும் சில நிமிடங்களிலும் இந்த ஒரு விளக்கத்தைச் சொல்லாமல் அனுப்புவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

'ஆயுசு முழுக்கச் சாப்பிடணும்' என்ற பயத்தை வளர்த்ததில் நல்லெண்ணக்காரர்களுக்கும் பங்குண்டு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுவது போலத்தான் இதுவும் என்று ஆறுதல் சொல்கிறோம். கேட்பவர் மனத்தில் பதிவது, சாகும்வரை விடாது என்பதுதான். முதல் முறையாக மனச்சோர்வு வந்தவர்கள், குணமான பிறகு பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை தொடர்ந்துவிட்டு, மருத்துவர் சொல்படி குறைத்து நிறுத்தலாம். திரும்பத் திரும்ப வருபவர்களுக்குத்தான் நீண்டகால மருந்து.

இந்த மருந்துகள் சர்வரோக நிவாரணியும் அல்ல. மூளையில் செரட்டோனின் குறைந்துபோவதுதான் நோய் என்ற பழைய விளக்கம் ஆராய்ச்சியில் நிற்கவில்லை. ஆனால் 21 மருந்துகளைப் பற்றிய 522 பரிசோதனைகளைத் தொகுத்து 2018இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில், பெரியவர்களின் மனச்சோர்வுக்கு அவை அனைத்தும் வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்திருந்தன. பலன் பிரமாதம் இல்லை, மிதமானதுதான், ஆனால் நிஜமானது. பேச்சு சிகிச்சைக்கும் அதே மதிப்பு உண்டு. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளிகளோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசவைத்தார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் அது பலன் தந்ததை 2017இல் வெளியிட்டார்கள். லேசான சோர்வுக்கு முதலில் இதைத்தான் தர வேண்டும். மாத்திரையா பேச்சா என்பதை நோயின் கடுமை பார்த்து முடிவெடுக்கலாம். 'அடிமையாயிடுவே' என்ற மிரட்டல் அதை முடிவெடுக்கக் கூடாது.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி நம் நாட்டில் மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. மருத்துவர் பற்றாக்குறையும் கூச்சமும் இதற்குக் காரணம்தான். ஆனால் மருத்துவரிடம் போய், மாத்திரையையும் கையில் வாங்கியவரை நம் வாயாலேயே திருப்பி அனுப்புகிறோமே, அதற்கு எந்தப் பற்றாக்குறையைக் காரணம் சொல்ல முடியும்?

வீட்டில் ஒருவர் இந்த மாத்திரையைத் தொடங்கியிருந்தால் முதல் ஒரு மாதம் அவரைத் தனியே விடாதீர்கள். 25 வயதுக்குக் கீழே உள்ளவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த வயதில் சிலருக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம். பக்கவிளைவு தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் திரும்பப் போங்கள், மருந்தை மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்தச் சொல்லாதீர்கள். நள்ளிரவில் யாரிடமாவது பேசியாக வேண்டுமென்றால் 14416 என்ற இலவச எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை 24 மணி நேரமும் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.